வெட்டப்பட்ட அபாயச் சங்கு

ஓட்டலில் இறால் வறுவல் வாசனை. போரை எதிர்க்கும் அந்தப் பழைய ஹெவி மெட்டல் பாட்டை ஓட்டல் ஸ்பீக்கரில் எவளோ தாலாட்டுபோல் பாடுகிறாள். அதன் தொடக்கத்தில் வரும் அபாயச் சங்கைக் காணோம். எண்பதுகளில், வளைகுடாவில் எண்ணெய்க் கப்பலில் வேலைபார்த்த அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் முதலில் அந்தச் சங்குதான் அலறும், பிறகுதான் கிதார் இடிக்கும். பழவேற்காட்டில், பின்னாளில் கடல் தின்றுவிட்ட எங்கள் முற்றத்தில் இறால் காயவைக்கும் அம்மா ஒவ்வொரு தடவையும் பதறி ஓடிவருவாள்.

"இன்னாடா இது, புயலுன்னு பயந்துட்டேன்!"

"குண்டு போட வர்றப்ப எங்க கப்பல்ல இப்டிதாம்மா ஊதும்" என்பான் அண்ணன், சிரிக்காமல்.

யாரோ இரண்டு நாட்டுக்காரர்களின் சண்டையில் அவன் கப்பல் எரிந்தது, அவன் திரும்பவில்லை. அவன் கடைசியாகக் கேட்டது அப்படியொரு சங்காகத்தான் இருக்கும். சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவென்று அதை வெட்டி எறிய இவர்கள் யார்?