அத்தாயியின் இரண்டாவது பேறு

மலைமேல் கிளியூர் அத்தாயிக்கு முதலில் பிறந்தது பெரிய ஆண் குழந்தை. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அது அழவே இல்லை; உயிரில்லாமல்தான் பிறந்திருந்தது. கண்ணேறு என்றார்கள். அத்தாயி பால் வற்றுவதற்குள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள்.

எண்பத்தாறாம் வருஷம் மறுபடி உண்டானாள். ஆறாம் மாதம் இடுப்பெலும்பு நொந்தது, அசைந்து அசைந்துதான் நடக்க முடிந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கணவன் பெரியண்ணன் பஸ் ஏற்றிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அவள் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமாகிவிட்டது.

"சக்கரை வியாதிங்களா? கூலிக்காரங்களுக்குமா வருமுங்க?" என்றான் பெரியண்ணன்.

"யாருக்கும் வரும். முதல் குழந்தை போனதும் இதனால இருக்கலாம்" என்ற டாக்டரம்மா அத்தாயியிடம் திரும்பினார். "எலும்புலயும் பலமில்லை. உடம்புல வெயில் படுதா?"

"மரநெழல்லதானுங்க வேலை. பனிக்குக் கோணிச்சாக்கப் போத்திக்குவேனுங்க."

எலும்புக்கு மீனெண்ணெய் மருந்தும் சர்க்கரைக்கு இன்சுலினும் கொடுத்தார்கள். ஊசி போடப் பெரியண்ணனுக்கே கற்றுக்கொடுத்தார்கள். காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து எடுப்பான். மெதுவாகக் குத்துவான்.

"வலிக்குதா புள்ள?"

"இல்லீங்க."

நிஜமாகவே வலிக்கவில்லை. களியைக் குறைத்துக்கொண்டாள். பனி விலகிய நேரங்களில் காப்பிக் களத்து வெயிலில் போய் உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. யார் வீட்டுக் கதவையோ யாரோ தட்டுவதுபோல இருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் மாதம் சேலத்தில் அறுத்து எடுத்தார்கள். பெண். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கியது. தனி அறையில் வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் அத்தாயியைக் கூட்டிப்போய், "தொட்டுப் பாரும்மா, தப்பிச்சிட்டா" என்றாள். தொட்டாள். குழந்தை விரலைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரும் என்று அத்தாயி காத்திருந்தாள். வரவில்லை.

அத்தாயிக்கும் கூடியிருந்த சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. ஊசியை நிறுத்தி அனுப்பினார்கள். மலையேறும் பஸ்ஸில் பெரியண்ணன் குழந்தையை மடியில் வைத்திருந்தான்.

"பேரு என்ன வெக்கலாம்?"

"நீங்களே வெய்யுங்க."

"சந்தோசமில்லியா புள்ள?"

அத்தாயி யோசித்தாள்.

"தெரியலீங்க. பசிச்சிருக்கும், இங்க குடுங்க" என்று கையை நீட்டினாள்.