அப்பா போடாத கொட்டை

கிரேக்கர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே என் சித்தப்பாவோடுதான். கோயமுத்தூர் காலேஜில் சரித்திரம் படித்த சித்தப்பா, ஒவ்வொரு லீவுக்கும் ஒரு டிரங்குப் பெட்டியையும் அவர்களையும் சுமந்துகொண்டு வந்து இறங்குவார். சோற்றில் கை வைக்கும்போதே, "அவங்க இருக்காங்களே, எதையும் கேள்வி கேட்காம ஒத்துக்கவே மாட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவார். ஏதோ பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். அவர்கள் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு வயதில் எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தக் கோடை லீவில் அக்காவைப் பெண் கேட்டு வெள்ளகோவிலிலிருந்து ஆள் வந்தது. அக்காவோ கோயமுத்தூர் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்க வேண்டுமென்று சாப்பிடாமல் கிடந்தாள். எங்கள் வீட்டில் பெரியப்பா ஒன்று சொல்லிவிட்டால் அப்பா எதிர்ப்பேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை. "கட்டிக் குடுத்துர்லாம்" என்றார் பெரியப்பா. "ஆமாங்கண்ணா" என்றார் அப்பா. எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சித்தப்பா விடுவாரா? கிரேக்க தேசத்தில் வழக்கு என்று வந்தால் தீர்ப்புச் சொல்கிற ஒவ்வொருவர் கையிலும், குற்றமென்று ஒன்று, இல்லையென்று ஒன்று, இரண்டு காய் கொடுப்பார்களாம். வேண்டியதைப் பானையில் போட்டுவிட்டு மற்றதைக் கையிலேயே மூடிக்கொள்ளலாமாம். யார் எதைப் போட்டார் என்று யாரும் கேட்கக் கூடாதாம். அப்பாவைப் பெற்ற அப்பாருவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. "செஞ்சுதான் பாப்பமே, என்ன கெட்டுப்போச்சு" என்றார். கல்யாணத்துக்குப் பருத்திக்கொட்டை, படிப்புக்குப் புளியங்கொட்டை என்று முடிவாயிற்று.

அம்மாவும் பெரியம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். சித்தப்பா அவர்களை நம்பித்தான் இதில் இறங்கியதே.

"ஏன்டா, அந்த ஊர்ல பொம்பளைங்களும் போடுவாங்களா?" என்று கேட்டார் பெரியப்பா.

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. பாவி மனிதர், ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இல்லீங்கண்ணா" என்றார்.

"அப்பறம் என்ன? முறைன்னா முறைதான்."

அம்மா உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் கேள்வி கேட்ட அந்தக் கிரேக்கர்களுக்கு வீட்டுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். ஆனாலும் அவர்களை வெறுக்க முடியவில்லை.

ஆண்கள் நாலு பேரும் மூடிய கையைப் பானைக்குள் விட்டு எடுத்தார்கள். அப்பாரு பானையைக் கவிழ்த்தார். பருத்திக்கொட்டை இரண்டு, புளியங்கொட்டை இரண்டு.

சித்தப்பா துள்ளி எழுந்தார். "சரிக்குச் சரி வந்தா, குத்தஞ்சாட்டுனவங்கள உட்டுருவாங்க. அதானுங்க அவங்க முறை!"

"என்ற பேத்தி என்னடா குத்தஞ் செஞ்சா?" என்றார் அப்பாரு.

"படிக்கோணும்னு கேட்டாளே, அதானுங்க."

அப்பாரு விழுந்து விழுந்து சிரித்தார். "படிக்கப் போகட்டும் உடு. முறைக்கு ஒத்துக்கிட்டாச்சு." பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

சித்தப்பா போட்டது போக, அந்த இன்னொரு புளியங்கொட்டை அப்பாரு போட்டதுதான் என்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. எருமை கட்டியிருந்த கட்டுத்தறிக்குப் போன அப்பாவின் பின்னாலேயே சண்டைக்குப் போனேன்.

"அப்பாரு எவ்வளவு நல்லவரு! நீங்க அக்காளுக்குப் போடவே இல்லீல்ல?"

அப்பா அதுவரை மூடியிருந்த கையை விரித்து, அதிலிருந்த ஒற்றைப் பருத்திக்கொட்டையை எருமையின் வாயருகே நீட்டினார்.

"ஒரு கொட்டை எருமைக்கு எப்படிங்கப்பா பத்தும்?"

"பத்துங் கண்ணு" என்று சிரித்தார்.

அண்ணன் எதிரில் வாய் திறக்க முடியாத மனிதருக்கு, எங்கேயோ எப்போதோ வாழ்ந்து மடிந்தவர்கள் ஒரு மூடிய கையைக் கொடுத்திருந்தார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அக்கா கோயமுத்தூருக்கு வண்டியேறிய நாள்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.