நான் குடிக்கக் கொடுத்த தண்ணீர்

என் மனைவி தெய்வானை இருமத் தொடங்கியபோது, "பஞ்சுத் தூசிதான்" என்று முடிவு கட்டியவன் நான். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அவள் அங்கேயே ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். இங்கே இருமாத ஆள் யார்? கால் வீங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்து தைத்தால் வீங்கத்தான் செய்யும் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். அதற்கு முன்பே விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிறையத் தண்ணீர் குடித்தால் தூசி இறங்கிவிடும் என்பது எங்கள் கம்பெனி வைத்தியம். மணிக்கொரு தரம் வெந்நீரை அவள் மெஷினுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "குடி புள்ள, மிச்சம் வைக்காதே." ஒரு மாதம் குடித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஒரு நாள் காலையில் படி ஏற முடியாமல் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் எக்கோ (இதயத்தின் அசைவைத் திரையில் காட்டும் பரிசோதனை) எடுத்தார்கள். "ஹார்ட் ஃபெயிலியர்" என்றார் டாக்டரம்மா. "நின்னு போயிருமுங்களா?" என்று கேட்டேன். இதயம் நின்றுபோவதல்ல, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைவது என்று விளக்கினார். அதனால்தான் நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்திருந்தது.

"நாப்பது வயசுல ஏனுங்க டாக்டர்? சர்க்கரை, பிரஷர் ஒண்ணும் இல்லீங்களே."

ரத்தப் பரிசோதனையில் பதில் கிடைத்தது. ஆட்டோ ஆன்டிபாடி (கிருமியை விட்டுவிட்டு நம் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்) மூட்டுகளைத் தாக்கி, இதயத் தசையிலும் அழற்சியை (உள்ளே புண்போல வீங்குவதை) உண்டாக்கியிருந்தது.

"எல்லாருக்கும் இது காரணமில்லை. இவங்களுக்கு இதுதான். அழற்சியை அடக்கினா இதயம் தேற வாய்ப்பிருக்கு" என்றார். ஸ்டீராய்டு, நீர் பிரிய மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை. கடைசியாக, "ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி கூடாது."

வெந்நீர் கதையைச் சொன்னேன். "நோய் அதனால வரலை. மூச்சுத் திணறலைக் கூட்டியிருக்கும்" என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு அவருக்கு இன்றும் நன்றி.

இதைத் தெய்வானையிடம் சொல்ல எனக்கு ஐந்து நாளாயிற்று. வீக்கம் வடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தாள். சொல்லிவிட்டு அழுதேன்.

"எனக்கு அப்பவே குடிக்க முடியலீங்க. வயிறு கல்லாட்டம் இருக்கும். ஆனா கண்ணாலம் ஆகி இத்தனை வருஷத்துல நீங்க ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்லீங்க. வேண்டாமுன்னு சொல்ல மனசு வரலை" என்றாள்.

எட்டு மாதமாகிறது. இதயம் நன்றாகத் தேறியிருக்கிறது. எதிர்ப்பொருள் அடங்கித்தான் இருக்கிறது, ஒழிந்துவிடவில்லை என்கிறார்கள். தினமும் காலையில் எடை பார்க்கிறோம். திடீரென்று ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம். படுத்தால் வரும் இருமலும் கால் வீக்கமும் இருந்தால், என்னைப்போல நீங்களே வைத்தியராகிவிடாதீர்கள்.

இப்போது அரை நாள் வேலைக்கு வருகிறாள். முன்பு எனக்கு நாள் என்றால், சரக்கு ஏற்றுமதியாகும் ஷிப்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கு மட்டும்தான். கம்பெனிக்கு நடக்கும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். நானும் நிற்பேன்.

"நீங்க போங்க, பெல் அடிச்சிருவாங்க" என்பாள்.

"அடிக்கட்டும்" என்பேன்.