ஆறாம் வீட்டில் ஹைஜியா

சோதிடம் தெரிந்தவன்போல் நடித்து, ஒரு பெண் தன் வைத்தியத்தைத் தள்ளிப்போட நான் காரணமானேன்.

எழுபதுகளில் சிட்னியின் பரமட்டாவில் எங்கள் தொழிற்சாலைக் கன்ரீனில் சமைத்தவர் அவர். கதைக்கும்போதெல்லாம் வயிற்றை அழுத்திப் பிடித்திருப்பார். ஒருநாள் ஊரில் எழுதிய சாதகத்தை நீட்டினார்.

"கட்டியை வெட்டோணுமாம், தம்பி. வெள்ளைக்காரச் சாத்திரம் என்ன சொல்லுது?"

கிரேக்க ஆரோக்கிய தேவதையின் பெயர்கொண்ட ஹைஜியா என்ற சிறுகோளைப் பற்றிப் படித்திருந்தேன். கணிக்காமலே அதை அவருடைய ஆறாம் வீட்டில் வைத்தேன்.

"நோய் வீட்டில ஒரு அம்மன் காவலிருக்கிறா, அக்கா."

"எங்கட சாத்திரியார் ஒன்பது கிரகத்தோட நிப்பாட்டிப்போட்டார், பாரும்!" என்று சிரித்தார். கட்டியை வெட்டிக்கொள்ள மறுத்துவிட்டார்.

சில மாதங்களில் வலி கூடியது. பொய்யென்று ஒப்புக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டி பரவியிருந்தது.

"எனக்குக் கத்திக்குப் பயம், தம்பி. நீர் அதைச் சொல்லாட்டிலும் வெட்ட வந்திருக்கமாட்டன்," என்றார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று கேட்கத் துணிவு வருமுன் இறந்துவிட்டார்.