சந்தனம் பூசிய எஞ்சின்

கோவளத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் குப்பத்துக்கு எழுபதுகளில் ஒரு டீசல் எஞ்சின் வந்தது. புயலில் கரண்ட் போனாலும் கரைக் கம்பத்து விளக்கு எரிய வேண்டும், கடலில் இருப்பவர்கள் அதைப் பார்த்து வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நாங்கள் அதற்குச் செய்த மரியாதையைப் பார்த்திருந்தால் சாமி சிலை என்றே நினைத்திருப்பீர்கள். அதிகாரி யாராவது வந்தால் மீனவர் சங்கத் தலைவர் அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொல்வார். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை அப்புவோம். மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். ஓட்டினால் புகை பட்டுப் பெயிண்ட் கெட்டுவிடும் என்றார் தலைவர். என்ன ஒரு மூளை! சங்க எழுத்தரான நான் மட்டும் என்ன, தலையாட்டிக்கொண்டு பிரஷ்ஷைப் பிடித்தவன்தானே.

ஒரு ஐப்பசியில் மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. எல்லாக் கட்டுமரங்களும் வந்துவிட்டன, என் அண்ணனுடையதைத் தவிர. பொழுது சாயும்போது மின்கம்பங்கள் விழுந்து ஊரே இருண்டது. கரையை ஒட்டிப் பாறைகள். வெளிச்சம் தெரியாமல் வந்தால் மரமும் ஆளும் சிதறவேண்டியதுதான்.

கைப்பிடியை மாறி மாறிச் சுற்றினோம். எஞ்சின் இருமக்கூட இல்லை. காற்று இழுக்கும் வலையைத் தடவிப் பார்த்தேன். ஒரு ஓட்டை மிச்சமில்லாமல் பெயிண்டும் சந்தனமும் காய்ந்து இறுகியிருந்தன. சுரண்டச் சுரண்ட உதிர்ந்ததெல்லாம் என் கைவேலை. சுரண்டி முடித்துச் சுற்றியும் எஞ்சின் கிளம்பவில்லை. வெட்கத்தில் நிமிர முடியவில்லை. தலைவரோ, பூஜையில் ஏதோ குறை இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் கேட்டாள்:

"உள்ள டீசல் கீதா?"

நிரம்ப இருக்கிறது என்றேன்.

"அத்த எறக்கு. எரியறதுக்கு எஞ்சினு இன்னாத்துக்கு?"

தகர டிரம்மில் சவுக்குக் கட்டைகளையும் கோணிகளையும் திணித்து டீசலை ஊற்றினோம். பெண்கள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மழையைத் தடுத்தார்கள். தீ எழும்பி நின்றது. கட்டை தீரத் தீரப் போட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் அண்ணன் அந்த வெளிச்சத்தைக் குறிவைத்து, பாறைகளை விட்டு விலகி வந்து சேர்ந்தான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் தலைவர் பச்சைப் பெயிண்ட் வாங்கிவந்து பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அங்கே அண்ணி கரியேறிய அந்த டிரம்மைக் கழுவி, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.