கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவர்

அவர் சோபாவுக்கு உறை தைப்பவர். தெருவில் ‘சோபாக்காரர்’ என்றால்தான் தெரியும். வீட்டில் அவருக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர், வைத்தது மனைவி.

அந்த மனைவியைத்தான் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாலே புரையேறி மூச்சு முட்டும். மூக்கு வழியாகப் போட்ட டியூபையும் இடது கையால் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். வயிற்றில் சின்னத் துளை போட்டு நேராக டியூப் வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

“யோசிச்சு சொல்றேங்க” என்று வந்தவர், வாரக்கணக்கில் யோசித்தார். அதை வைத்துவிட்டால் இனி வாயால் சாப்பிடவே மாட்டாள் என்று முடிவாகிவிடும் போலிருந்தது.

இந்த லட்சணத்தில் அவருக்கு மட்டும் வேளை தவறாமல் பசித்தது. மானம் போயிற்று. சமையலறைக் கதவைச் சாத்தி, மெல்லும் சத்தம் கேட்காமலிருக்கப் பைப்பைத் திறந்துவிட்டு, நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் அக்காவைப் பார்க்க வந்த மச்சினி கதவைத் தள்ளிவிட்டாள்.

“என்ன மாமா, திருட்டுத்தனமா?”

உப்பிய கன்னத்தோடு அவர் விழித்தார். எப்படியோ விழுங்கி, “அவ அங்க அப்படிக் கிடக்கா. எனக்கு இறங்குது பாரு” என்றார்.

“நீங்க சாப்பிடுறது அக்காவுக்குத் தெரியாதாக்கும்! அது கெடக்கட்டும். டியூப் விஷயம் அக்காகிட்ட கேட்டீங்களா?”

டாக்டரிடம், கடைக்காரரிடம், போகிற வருகிறவரிடமெல்லாம் கேட்டிருந்தார். அவளிடம் கேட்கவில்லை.

கையைக் கழுவிவிட்டுப் போய்க் கட்டிலருகே நின்றார். “ஏம்மா, வயித்துல டியூப் வச்சுடலாமா?”

அவள் உடனே கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்பதற்கு அதுதான். பிறகு இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். இத்தனை நாள் என்ன செய்தாய் என்பது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் அரை மணி நேரத்தில் டியூப் வைக்கும் வேலை முடிந்தது. தலைமாட்டை உயர்த்தி வைப்பது, மெதுவாக ஊற்றுவது, முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுவது என்று நர்ஸ் எல்லாம் கற்றுக்கொடுத்தாள்.

மெல்ல அவள் முகத்தில் சதை பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, நல்லா தேறிட்டாங்களே! உங்க கவனிப்புதான்” என்றாள்.

“முன்னாடியே தேறியிருப்பா” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.