நான் காட்டிய கொலை வீடு

போன திங்கட்கிழமை சாயங்காலம் என் மகள் கீர்த்தி ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு என்றால் காய்ச்சல் வரும். மும்தாஜ் டீச்சரின் டியூஷனில் சேர்க்கலாம் என்று கூட்டிப்போயிருந்தேன். டீச்சர் வேலூரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தவர். பூட்டிக் கிடந்த அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்து, பெஞ்சு போட்டு, போர்டு மாட்டி... எல்லாம் தயார். பிள்ளைகள்தான் ஒருவரும் இல்லை.

"எறங்குமா, டீச்சர் பாக்குறாங்க."

"நான் போவ மாட்டேன்பா. அது கொலை வீடு."

"யாரு சொன்னது?"

"நீதான் சொன்னே. யூடியூப்ல!"

பிள்ளைகளே, வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிற இந்த ஆட்டோக்காரன் அன்றைக்கு முழித்த முழி இருக்கிறதே...

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவன் ஜெயிலில் இருக்கிறான். ஊரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. யூடியூப் விடுமா? மூன்று மாதம் முன்பு ஒரு சேனல் தம்பி கேமராவோடு வந்தான். ஏகாம்பரநாதர் கோவிலுக்கு என்றுதான் ஏறினான். பாதி வழியில், "அண்ணா, அந்தக் கொலை நடந்த வீடு தெரியுமா?" என்றான்.

தெரியும். ஆனால் அந்தச் சந்தில் அன்று பாவு போட்டிருந்தார்கள். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தால் சைக்கிள்கூட நுழையாது. சவாரியை விடவும் மனசில்லை. வழியில் இருந்த ஒரு பூட்டிய வீட்டைக் காட்டி, "இதான் தம்பி" என்றேன். பூட்டிய வீடுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

அதோடு விட்டேனா? கேமராவைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா? "நான் இந்தப் பக்கமாத்தான் வந்துக்கினு இருந்தேன். அலறல் சத்தம் கேட்டுது" என்று அடித்துவிட்டேன். கொலை நடந்த அன்றைக்கு நான் தென்னேரியில் மச்சான் வீட்டில் கறிசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

வீடியோ வந்தது. நான் அலறலைச் சொன்னதும் சோக மியூசிக். அடுத்த நொடி பட்டுச்சேலை விளம்பரம். அலறலுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை. "ஆட்டோ அண்ணா முகத்துல உண்மை தெரியுது" என்று கமெண்ட் வேறு! அப்புறம் கோவில் பார்க்க வந்தவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் காட்டினேன். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜர், கொலை வீடு... பல்லைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமில்லாமல் மகளை அங்கே கூட்டிப்போனேன். ஊர் அதை நம்பியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

கீர்த்தியை வீட்டில் விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டிய அப்பாக்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள்.

"அது டீச்சர் வீடுபா. அங்க ஒண்ணும் நடக்கல" என்றேன்.

"உனக்கு இன்னாபா தெரியும்?" கடைக்காரர் போனைத் திருப்பினார். "இந்தா, ஆட்டோக்காரரே சொல்றாரு பாரு!"

"அது நான்தாங்க!"

"அதான் சொல்றேன். அன்னிக்கு உண்மைய சொல்லிட்டு இன்னிக்கு மாத்திப் பேசுறே. டீச்சர் எவ்ளோ குடுத்தாங்க?"

என் முகத்தையே எனக்கு எதிராகச் சாட்சி வைத்தால் நான் எங்கே போவேன்?

சேனல் தம்பிக்குப் போன் போட்டேன். துள்ளிக் குதித்தான். "தப்பான வீடா? சூப்பர்ணா! 'உண்மையான கொலை வீடு இதுதான்'னு பார்ட் டூ போட்ரலாம். டீச்சர் பேரும் க்ளியர் ஆயிடும். சரியான வீட்ட மட்டும் காட்டுங்க."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டில் இறந்துபோன பெண்ணின் அம்மா இருக்கிறார். தனியாக. அந்த வாசலில் இதுவரை யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. தப்பான வீட்டைக் காட்டியதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான வீட்டைக் காட்டியிருந்தால் மட்டும்...?

"காட்ட மாட்டேன் தம்பி. நீ அந்த வீடியோவ எடுத்துடு."

"நல்லா போய்க்கினு இருக்குதுண்ணா, எப்டி எடுக்கிறது?" வைத்துவிட்டான்.

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "வாயா அது, இல்ல லவுட் ஸ்பீக்கரா?" என்று ஆரம்பித்தார். நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் கேட்டார்: "அந்த அம்மா வீட்ட காட்டிட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"காட்டாதீங்க. என் வீட்டுக்கு இன்னொரு வாட்டி வெள்ளையடிச்சுக்கலாம். ஆனா எனக்குப் பிள்ளைங்க வேணும். கெடுத்தது நீங்க, கூட்டினு வரவேண்டியதும் நீங்க."

முதலில் கீர்த்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் பொய் சொன்னா அடிப்பியே, உன்ன யாருபா அடிக்கிறது?" என்றாள். அப்புறம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இப்போது டியூஷனில் கீர்த்தியோடு சேர்த்து மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் என் ஆட்டோவில்தான் வருகிறார்கள்.

நேற்று ஒரு குடும்பம் ஏறியது. "கோவில் முடிச்சுட்டு அந்தக் கொலை வீட்டையும் காட்டிடுங்க."

"வழி தெரியாதுங்க" என்றேன்.

"லோக்கல் ஆட்டோன்னு சொன்னீங்க?" என்று முறைத்துவிட்டு வேறு ஆட்டோ பிடித்தார்கள்.

போகட்டும். காஞ்சிபுரத்தில் வழி தெரியாத ஒரே ஆட்டோக்காரன் நான்தான் என்று இருந்துவிட்டுப் போகிறேன்!